சுவர் மறைத்த வெயில்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது பிரேக்கம்மா ஒரு மாணவிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்க வைத்துக்கொண்டிருந்தாள். பிரேக்கம்மா போனைக் காதில் வைத்தாள், கேட்டாள், காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. மாணவி தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள்.

ஓட்டுநர் பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பிரேக்கை மிதித்தே தலை நரைத்தவள் அவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் நாற்காலியில் இருக்கும்போதுகூட யாராவது தாறுமாறாகப் பேசினால் அவள் கால் தன்னால் தரையை மிதிக்கும். மகள் இருந்தவரை அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போனில் வந்த செய்தி இதுதான். அந்த மகளின் நினைவாகப் பள்ளி முற்றத்தில் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம் அமைக்கப் போகிறார்களாம். மருமகன் கட்டட வரைபடம் போடுகிறவர்தானே, அவரே அதை வடிவமைத்துக் கொடுத்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்குமாம். ஆறுதல் என்ற சொல்லைத் தலைமையாசிரியை சொன்னபோதுதான் பிரேக்கம்மாவின் கால் இறங்கியது.

மகள் அங்கே அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் புழு டீச்சர். கண்ணாடிப் பாட்டிலில் இலையும் புழுவும் போட்டு வகுப்புக்கு எடுத்துப்போவாள். புழு கூடு கட்டி, கூடு உடைந்து, சிறகு வந்து பறக்கும்வரை பாடம் அந்தப் பாட்டிலை விட்டு நகராது. முற்றத்தின் கிழக்குப் பக்கம் ஓர் உயரமான பழைய சுவர் நின்றது. அது வயிறு தள்ளிக்கொண்டிருக்கிறது, இடித்துக் கட்டுங்கள் என்று அவள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னாள். நிர்வாகம் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு, அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தது.

அடுத்து வந்த மழையில் சுவர் சரிந்தது. சத்தம் கேட்டதும் பக்கத்தில் நின்ற பிள்ளைகளை அவள் வகுப்பறைப் பக்கம் தள்ளிவிட்டாள். பிள்ளைகள் பிழைத்தார்கள். நிர்வாகம் பழியை மழையின் மேல் போட்டது. மழையா வந்து சாட்சி சொல்லப் போகிறது? விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இங்கே விழுந்தது சுவர், மீசை நிர்வாகத்தினுடையது.

மாமியாரும் மருமகனும் பள்ளிக்குப் போனார்கள். தாளாளர் அறையில் ஏசி ஓடியது. தாளாளர் பிரேக்கம்மாவின் பழைய மாணவன்தான். கல்லூரி முடித்த கையோடு அவளிடம் வண்டி பழக வந்தவன். எல்லாம் நன்றாகச் செய்வான், பின்னால் பார்க்கும் கண்ணாடியை மட்டும் பார்க்கவே மாட்டான். அப்பா நடத்திய பள்ளி கைக்கு வந்த பிறகு நாலு பேர் எழுந்து நிற்கும் ஆளாகிவிட்டான். அவளும் ஊருக்கு முன்னால் மரியாதை குறையாமல்தான் பேசுவாள்.

தோட்டத்துக்கான இடத்தைக் காட்டுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். தலைமையாசிரியை அறைக்குப் பின்னால், மாடிப்படியை ஒட்டிய மூலை. உடைந்த பெஞ்சுகளை அப்புறப்படுத்திவிட்டு அங்கே சிமெண்டுத் தொட்டிகள் வைப்பார்களாம், சுவரில் கல்வெட்டுப் பதிப்பார்களாம். அமைதியான இடம் என்றார் தலைமையாசிரியை. அமைதி இருந்தது. கூடவே ஈரவாடையும், தரையில் பச்சைப் பாசியும் இருந்தன.

பிரேக்கம்மா முற்றத்தின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். சுவர் விழுந்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். அங்கே ஏன் வைக்கக்கூடாது என்று கேட்டாள். அங்கே கூரை போட்ட மேடை கட்டத் திட்டம் போட்டாயிற்று என்றார் தாளாளர். பிள்ளைகள் அந்த இடத்தைப் பார்த்துப் பயப்படக்கூடாது, மறக்க வேண்டியதை மறக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். மேடை கட்டி மறைப்பது கொஞ்சம் நாகரிகமான முறை.

அவள் வாயைத் திறப்பதற்குள் மருமகன் சரி என்று சொல்லிவிட்டான். அவன் அப்படித்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று கல்யாணத்தின்போதே மகளிடம் சொல்லியிருந்தாள். அதனால்தான் பிடித்திருக்கிறது என்று மகள் சொன்னாள். வீட்டில் கடிப்பதற்குத்தான் அம்மா இருக்கிறாளே என்றும் சொன்னாள்.

மகள் போன பிறகு மருமகன் தன் வீட்டுக்குப் போய்விடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை. அவன் காலையில் காபி போடுவான், அவள் இதில் சர்க்கரை இல்லை என்பாள். அவள் சட்டை தேய்த்து வைப்பாள், அவன் வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டு அதையே போட்டுக்கொள்வான். மகளைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பேசினால் யார் முதலில் உடைவது என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது.

பால்கனியில் ஒரு தொட்டியில் எலுமிச்சைச் செடி இருந்தது. மகள் வைத்தது. அதில் ஒரு காய் பழுத்து அவர்கள் பார்த்ததில்லை. இலை துளிர்க்க வேண்டியதுதான், புழு வந்துவிடும். சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரி இருக்கும். பெரிதானால் பச்சை. தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பை நீட்டி, கெட்டுப்போன எலுமிச்சை வாடை ஒன்றை விடும். பிரேக்கம்மாவுக்குப் புழு என்றாலே உடம்பு கூசும். மகள் இல்லாத நேரம் பார்த்துக் குச்சியால் தட்டிவிடுவாள். ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

"ஏம்மா, அதுங்க உன்ன என்ன பண்ணுச்சு?"

"செடிய மொட்டையடிக்குதே, பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"இலை இருக்கறதே திங்கத்தாம்மா."

அன்றைக்கு அவள், பெரிய விஞ்ஞானி வந்துவிட்டாள் என்று முனகிக்கொண்டே உள்ளே போனாள். இப்போது அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான். புழுக்களைத் தட்டிவிடுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுவாள். தண்ணீர் பாதி கீழ்வீட்டுக்காரர் துணியில் விழும்.

மருமகன் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து முற்றத்தை வரைந்தான். தெரிந்த வேலை, கை தானாகப் போயிற்று. மூலையில் தொட்டிகள், நடுவில் ஒரு கல் இருக்கை, பிள்ளைகள் நடக்க ஒரு பாதை. அதற்குப் பிறகு பழக்கதோஷத்தில் நிழல் போட்டான். எந்தக் கட்டடம் வரைந்தாலும் காலையில் நிழல் எங்கே விழும், மதியம் எங்கே விழும், சாயங்காலம் எங்கே விழும் என்று பென்சிலால் தீட்டிப் பார்ப்பது அவர்கள் அலுவலக வழக்கம். சன்னல் எங்கே வைப்பது என்று தெரிய வேண்டுமே.

தீட்டிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அழித்துவிட்டு மறுபடி தீட்டினான். பிரேக்கம்மா எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். அவன் காபி ஆறிப்போனதைக் கவனித்தவள், என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"அந்த மூலையில வெயிலே விழாது அத்தை. காலையில மாடி மறைக்குது, மதியம் படிக்கட்டு மறைக்குது. எப்படிப் போட்டாலும் நிழல்தான்."

"விழலன்னா என்ன, செடிக்குத் தண்ணி ஊத்தினாப் போச்சு."

"பட்டாம்பூச்சிக்கு உடம்புல சூடு கிடையாது. காலையில வெயில்ல சிறகை விரிச்சு உக்காந்து, சூடு ஏறினாத்தான் பறக்கவே முடியும். அவ சொல்லிக்கிட்டே இருப்பா." மகள் போன பிறகு முதல் தடவையாக அவன் பேச்சில் அவள் வந்தாள். இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள். கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

"அப்ப அந்த முத்தத்துல வெயில் எங்கதான் விழுது?"

அவன் தாளை அவள் பக்கம் திருப்பினான். முற்றம் முழுக்கப் பென்சில் கருப்பு. கிழக்கில் ஒரே ஒரு பட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது.

"சுவர் இருந்த இடத்துல. அது விழுந்ததாலதான் அங்க வெயில் வருது அத்தை."

அவள் அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்தாள். அங்கேதான் அவள் மகள் கிடந்தாள். இதைத்தான் மறைக்கப் பார்க்கிறார்கள், பட்டாம்பூச்சி வரவே வராத மூலையில் பட்டாம்பூச்சித் தோட்டம் வைத்து. அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். கால் தரையை மிதித்த மிதியில் மேசை மேலிருந்த பென்சில் உருண்டு விழுந்தது.

தோட்டம் அங்கேதான், வேறு எங்கும் இல்லை என்று மறுநாள் போய்ச் சொன்னார்கள். வரைபடத்தைத் தாளாளர் மரியாதைக்கு ஒருமுறை பார்த்தார். துக்கத்தில் இருப்பவர்கள் முடிவெடுக்கக்கூடாது என்று தலைமையாசிரியை நயமாகச் சொன்னார். இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம், எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், திறந்துவைக்க மட்டும் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அந்த உபசாரத்தில் மட்டும் குறையே சொல்ல முடியாது.

திறப்பு விழாவுக்குப் போகக்கூடாது என்றான் மருமகன். அவனுக்கும் கோபம் வரும், ஆனால் அவன் கோபம் வீட்டை விட்டு வெளியே வராது. போகத்தான் போகிறோம் என்றாள் அவள்.

"நாம போகலன்னா அவங்க சொல்றதுதான் கதை. நான் உயிரோட இருக்கறப்ப என் பொண்ணு கதைய இன்னொருத்தன் சொல்லக்கூடாது மாப்பிள்ளை."

விழா நாள் காலையில் எலுமிச்சைத் தொட்டியையும் தூக்கிக்கொண்டாள். எதற்கு என்று அவன் கேட்டான். அவளுக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். பயிற்சி வண்டியின் பின்சீட்டில் தொட்டியை வைத்து, கவிழாமல் இருக்கப் பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். மூலையில் பூத்த செடிகளாக வாங்கி அடுக்கியிருந்தார்கள். கடையிலிருந்து வந்த பளபளப்பு இன்னும் போகவில்லை. ஓர் இலையில் ஓர் ஓட்டை இல்லை. சுவரில் கல்வெட்டு: 'திடீரென நம்மை விட்டுப் பிரிந்த எங்கள் அன்பு ஆசிரியைக்கு.' ஏதோ சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டவள் மாதிரி. பிரேக்கம்மா அதைப் படித்தாள்.

பேச்சுகள் முடிந்தன. தாளாளர் உள்ளே சைகை காட்டினார். ஓர் அட்டைப் பெட்டி வந்தது. வளர்த்து விற்கும் இடத்திலிருந்து பட்டாம்பூச்சிகளையே வரவழைத்திருந்தார்கள். தோட்டத்துக்குத் தானாக எதுவும் வராது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது போலும். பறக்கவிடும்வரை குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று விற்றவர்கள் சொன்னதைக் கேட்டு, விழா தொடங்கும்வரை ஏசி அறையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். வெயிலில் திறக்க வேண்டும் என்றும் அவர்கள் சொல்லியிருப்பார்கள். வசதியானதை மட்டும் கேட்டுக்கொள்வது அந்த நிர்வாகத்துக்குப் புதிதல்ல.

பெட்டியைப் பிரேக்கம்மாவின் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகள் கைதட்டத் தயாரானார்கள். அவள் மூடியைத் திறந்தாள்.

ஒன்றும் பறக்கவில்லை. சிறகுகளை மடித்துக்கொண்டு எல்லாம் அடியில் சாய்ந்து கிடந்தன. தாளாளர் பெட்டியை ஒரு பக்கமாகத் தட்டினார். இரண்டு மூன்று பூச்சிகள் சருகுபோல் பாசித்தரையில் விழுந்தன. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், செத்துப்போச்சு என்றாள். அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. யாரோ ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. புழு டீச்சருக்கு இரண்டாவது சாவு நடப்பதுபோல் முற்றம் அடங்கிப்போனது.

"சாகல." மருமகனின் குரல். அவன் குரல் இத்தனை உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. "அதுங்க சாகல. குளிர்ல விறைச்சுப்போயிருக்கு. வெயில் வேணும்."

அவன் குனிந்து கீழே விழுந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்துப் பெட்டியில் வைத்தான். பிரேக்கம்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளைகளின் வரிசை தானாக விலகியது. முற்றத்தைக் கடந்து நேராகத் தகரத்தின் முன்னால் போய் நின்றாள்.

அங்கே யாருக்கும் அனுமதி இல்லை, பாதுகாப்பான இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டே தாளாளர் ஓடிவந்தார். பாதுகாப்பு என்ற சொல்லை அவர் அந்த இடத்தில் நின்று சொன்னார். பிரேக்கம்மா திரும்பினாள். ஊருக்காகக் காட்டிவந்த மரியாதையெல்லாம் அங்கேயே உதிர்ந்தது.

"வண்டி பழக வந்தப்ப தெனமும் ஒண்ணே ஒண்ணுதான்டா உனக்குச் சொன்னேன். பின்னாடி கண்ணாடியப் பாரு, பாருன்னு. நீ கடைசிவரைக்கும் பாக்கல. இன்னைக்குப் பாரு. என் பொண்ணு திடீர்னு பிரியல. இந்தச் சுவர் விழும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, அது விழுந்தப்ப உன் ஸ்கூல் பிள்ளைங்களத் தள்ளிவிட்டுட்டுச் செத்தா."

சொல்லிவிட்டுத் தகரத்தின் பக்கம் திரும்பினாள். பெட்டி கையில் இருந்ததால் தகரத்தை அவளால் பிரிக்க முடியவில்லை. அதற்குள் அவளுக்குப் பக்கவாட்டில் கம்பி முறுக்கும் சத்தம் கேட்டது. மருமகன் தகரத்தைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். கெடுக்கட்டும் என்று நினைத்தாள் அவள். கம்பி அவன் விரலைக் கிழித்தது. அவன் நிறுத்தவில்லை. தகரம் பெரும் சத்தத்தோடு சாய்ந்தது.

உள்ளே காலை வெயில் கொட்டிக் கிடந்தது. இடிந்த சுவரின் அடிப்பகுதி முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது. உடைந்த செங்கல் குவியலில் வெள்ளையடித்த பூச்சு இன்னும் புதுசு மாறாமல் பளிச்சென்றிருந்தது. உள்ளே செங்கல் கையால் அள்ளக்கூடிய பொடியாக உதிர்ந்திருந்தது. பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து பார்த்தார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நமக்குத் தெரிந்த பழமொழி. பேருக்கு மட்டும் சுவராக நின்றதன் மேல் வெள்ளையடித்திருந்ததை அவர்கள் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள். ஓர் அப்பா குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினார். அது உடைந்தது. அவர் தாளாளரைப் பார்த்தார்.

பிரேக்கம்மா யாரையும் பார்க்கவில்லை. அந்த அடிச்சுவரின் மேல் பட்டாம்பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். வெள்ளைப் பூச்சின் மேல் அவை அசையாமல் கிடந்தன. அவளுக்குப் பயம் வந்தது. மருமகன் சொன்னது தப்பாக இருந்தால்? இத்தனை பிள்ளைகள் முன்னால் செத்ததைக் கொண்டுவந்து வெயிலில் காயப்போட்டிருக்கிறோமா?

ஒன்று சிறகை விரித்தது. மூடியது. மறுபடி விரித்து, விரித்தபடியே வைத்துக்கொண்டது. பக்கத்தில் இன்னொன்று. சுவர் நெடுக ஒவ்வொன்றாக விரிந்தன. பிள்ளைகள் கைதட்டவில்லை, கிட்டே நெருங்கி வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதல் பூச்சி எழும்பி, தடுமாறி, நிமிர்ந்து, அந்தப் பெற்றோர் தலைக்கு மேலே போயிற்று. பிரேக்கம்மா வாய்விட்டு அழுதாள். மருமகன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதான். யார் முதலில் உடைந்தார்கள் என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

திரும்பும்போது எலுமிச்சைத் தொட்டியை வண்டியிலிருந்து இறக்கி அந்தச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் தகரம் மறுபடி எழும்பி நின்றது. மறுநாளே பெற்றோர்கள் கூடிப் பள்ளி வாசலில் நின்றார்கள். மற்றச் சுவர்களைத் தட்டிப் பார்க்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள், மேடை வேண்டாம் என்றார்கள். வாசலை அடைத்தபடி 'எல்' எழுதிய பயிற்சி வண்டி ஒன்று நின்றது. பிரேக் பழுதாகிவிட்டதாம், தள்ளவும் முடியாதாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல் நிர்வாகம் கடைசியில் தகரத்தைக் கழற்றியது. தோட்டம் மருமகன் வரைந்தபடியே வெள்ளைப் பட்டையில் வந்தது. அடிச்சுவரை அப்படியே விட்டார்கள். பழைய கல்வெட்டையும் பெயர்த்தெடுத்தார்கள். புதிய கல்லில் என்ன எழுத வேண்டும் என்று பிரேக்கம்மாவிடம்தான் கேட்டார்கள். 'சுவர் விழும் என்று சொன்னவள் இங்கே விழுந்தாள்' என்று எழுதச் சொன்னாள். கொஞ்சம் மென்மையாக இருக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார்கள். இருக்கலாம்தான், ஆனால் அவள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

எலுமிச்சைச் செடி தொட்டியிலிருந்து தரைக்கு வந்து தழைத்தது. தழைத்த வேகத்தில் புழுவும் வந்தது. ஒரு நாள் காலையில் பிரேக்கம்மா போனபோது செடிக்கு முன்னால் ஒருவர் மருந்து தெளிக்கும் கருவியோடு நின்றார். பக்கத்தில் தாளாளர். அவர் இப்போது அவளைக் கண்டால் ஓர் அடி பின்னால் வைத்தே பேசுவார். விருந்தினர்கள் வருகிறார்கள், நினைவுத் தோட்டம் இப்படி இலையெல்லாம் கிழிந்து மொட்டையாக நிற்கிறது, பார்க்க நன்றாகவா இருக்கிறது, கொஞ்சமே கொஞ்சம் மருந்து அடித்துவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

பிரேக்கம்மா போய்ச் செடிக்கும் மருந்துக்கும் நடுவில், அடிச்சுவர் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் ஒரு பச்சைப் புழு கிளையிலிருந்து அவள் புறங்கையில் விழுந்தது. கொம்பை நீட்டியது, வாடை குப்பென்று வந்தது. உடம்பு கூசியது. அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை, இனிமேலும் போகாது. ஆனாலும் அவள் கையை உதறவில்லை.

"தம்பி," என்றாள், "இலை இருக்கறதே திங்கத்தான்."